கதவு டீமுக்கு அல்வா

இந்தப் பை உங்க முழங்கால்ல இடிக்குதா சார்? இருங்க, இப்படிச் சாச்சு வச்சுக்கறேன். உள்ள புரொஜெக்டர் இருக்கு. மேல வைக்கலாம்னா, இந்த பஸ் குலுங்கற குலுக்கலுக்கு அது என் தலையிலதான் விழும். கோவில்பட்டி வரைக்கும் மடியிலயே வச்சுக்க வேண்டியதுதான்.

இல்ல சார், கல்யாண வீடியோ எடுக்கறவன் இல்ல. மெட்ரோ ரயிலுக்கு சாஃப்ட்வேர் பண்ற கம்பெனில இருக்கேன். ரயிலுக்கே சாஃப்ட்வேர் பண்றவனுக்கு ரயில்ல டிக்கெட் கிடைக்கல பாருங்க. மெட்ராஸ்லேருந்து மதுரைக்கு ஒரு பஸ், மாட்டுத்தாவணில இறங்கி இது ரெண்டாவது பஸ். இவ்வளவு அலைச்சலுக்கும் அலுப்பே தெரியல. காலைலேருந்து சும்மாவே சிரிப்பு வருது. வெறும் வயித்துல காபி குடிச்சேன், அதனால இருக்கும்.

சார்னு கூப்பிட வேண்டாமா? சரி அண்ணாச்சி. என் பேரு பரணிதரன். சொந்த ஊரு மாயவரம்.

புரொஜெக்டர் எதுக்குன்னா, அங்க ஒரு வீட்டுல சார்ட் போட்டுக் காட்டணும். அதைச் சொன்னா பெரிய கதை. விருதுநகர் வர வரைக்கும் ஓடும். தூங்கறதா இருந்தா தூங்குங்க, நான் பாட்டுக்கு சொல்லிட்டு வரேன்.

ஒரு மெட்ரோ ரயில்னா பெட்டி ஒரு கம்பெனி, மோட்டார் ஒரு கம்பெனி, பிரேக் ஒரு கம்பெனி. எது எப்ப என்ன செய்யணும்னு சொல்ற சாஃப்ட்வேர் எங்களோடது. நாலு ஊர்ல நூத்துக்கணக்கான பேர் உக்காந்து எழுதறாங்க. இதுல சிக்கல் என்னன்னா, பாலம் கட்டினா எத்தனை தூண் எழும்பியிருக்குன்னு ரோட்ல போறவருக்குக்கூடத் தெரியும். சாஃப்ட்வேர் எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு எழுதறவனுக்கே தெரியாது. எப்பக் கேட்டாலும் 'கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு'ம்பான். ரெண்டு வருஷமா கிட்டத்தட்ட முடிஞ்சிக்கிட்டே இருக்கும்.

அதுக்குத்தான் நான். எதையாவது எண்ணி, அதைச் சார்ட்டாப் போட்டு, திங்கக்கிழமை காலைல பெரியவங்க முன்னாடி வைக்கறதுதான் என் வேலை. முதல்ல யாரு எத்தனை வரி எழுதறாங்கன்னு எண்ணினேன். ஒரே மாசத்துல எழுதித் தள்ளிட்டாங்க. உள்ள போய்ப் பாத்தா, ஒரு வரில முடியறதை ஆறு வரிக்கு இழுத்து வச்சிருக்காங்க, பரீட்சையில அடிஷனல் ஷீட் மேல ஷீட்டா வாங்கறவன் மாதிரி. சரின்னு அதை விட்டுட்டு, பிழையை எண்ண ஆரம்பிச்சேன். சாஃப்ட்வேர்ல எது தப்பா நடந்தாலும் டெஸ்டிங் ஆளுங்க ஒரு பிழைன்னு பதிவு பண்ணுவாங்க. எழுதின டீம் அதைச் சரி பண்ணிட்டு மூடிடும். மூடாம கிடக்கற பிழை எத்தனைன்னு வாராவாரம் ஒரு கோடு போட்டா, கோடு கீழ இறங்க இறங்க ரயில் ரெடி ஆகுதுன்னு அர்த்தம். எவ்வளவு சுலபம் பாருங்க.

எங்க டைரக்டர் கஜபதி சாருக்கு அந்தக் கோடுன்னா உயிர். குட்மார்னிங் சொல்ல மாட்டார். 'என்ன பரணி, கோடு இறங்குதா?'ன்னுதான் கேப்பார். ரிசப்ஷன்ல சாமி படத்துக்குப் பக்கத்துல பெருசா பிரேம் போட்டு மாட்டிட்டார். பூ வைக்கற அம்மா ரெண்டுக்கும் சேத்தே வச்சிட்டுப் போகும். அண்ணாச்சி, என் அம்மா ஒரு தடவை ஆபீசுக்கு வந்துட்டு அதைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

ஆனா கோடு ஒரு இடத்துல வந்து படுத்துக்கிச்சு. இறங்கவே இல்ல. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. வாராவாரம் எந்த டீம் நிறைய பிழை மூடுதோ, அந்த டீமுக்குத் திருநெல்வேலி அல்வா. நல்லா நெய் ஒழுகற அல்வா, பார்சல்ல வரவழைச்சு. அண்ணாச்சி, அடுத்த வாரமே கோடு எப்படி இறங்குச்சுன்னு நினைக்கறீங்க? மலைப்பாதையில பிரேக் பிடிக்காத லாரி மாதிரி இறங்குச்சு. முக்கியமா கதவு டீம். ரயில் பெட்டிக் கதவு எப்பத் திறக்கணும், எப்ப மூடணும்னு எழுதறவங்க. அதுக்குத் தலைவர் தாமோதரன். இனிப்புன்னா அவருக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியும் வாராவாரம் அவங்கதான் ஜெயிச்சாங்க. கஜபதி சார் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். சோதனை ஓட்டத்துக்குத் தேதி குறிச்சாச்சு, மந்திரி வரார்னு பந்தல்காரனுக்குக்கூடச் சொல்லியாச்சு.

அப்பத்தான் அவங்க வந்தாங்க. செண்பகவல்லி. டெஸ்டிங்ல கதவைச் சோதிக்கறவங்க. ஊரு கோவில்பட்டி. நல்ல உயரம், பேசும்போது வலது புருவம் மட்டும் மேல போகும், வெள்ளிக்கிழமைன்னா கனகாம்பரம் வச்சிருப்பாங்க. இதெல்லாம் அடையாளத்துக்குச் சொல்றேன். வந்தவங்க ஒரு அல்வா டப்பாவை என் மேசையில வச்சு, 'பரணி சார், இதை நீங்களே சாப்பிடுங்க'ன்னாங்க.

'ஏன் மேடம், கெட்டுப் போச்சா?'ன்னேன்.

'அல்வா நல்லாத்தான் இருக்கு. நீங்க கதவு டீமுக்கு அல்வா குடுக்கறீங்க, அவங்க நம்ம எல்லாருக்கும் அல்வா குடுக்கறாங்க.'

நான் எழுந்து நின்னுட்டேன். என் சார்ட்டை யாரும் அப்படிச் சொன்னதில்ல. அவங்க சொல்றதென்னன்னா, பிழையைச் சரி பண்ணி மூடல, சும்மா மூடறாங்களாம். ரெண்டு தடவை ஓட்டிப் பாக்கறது, பிழை வரலன்னா 'மறுபடி வரவில்லை'ன்னு எழுதி மூடிடறது. 'கதவு மூடல சார், பிழைதான் மூடுது'ன்னாங்க. என் கோட்டுக்கு ஒரு பேரும் வச்சிருந்தாங்க. சறுக்கு மரமாம். பார்க்ல பிள்ளைங்க சறுக்குமே, அதாம்.

கோவம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க. அதுலேருந்து தினம் இதே தொல்லை. காலைல வந்ததும் என் சீட்டுக்கு வந்து நிப்பாங்க. மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறந்தா எதிர்ல வந்து உக்காந்து, என் தயிர் சாதத்தைப் பாத்துட்டு, 'இது என்ன, ஆஸ்பத்திரிச் சாப்பாடா?'ன்னு கேட்டு, கருவாட்டுக் குழம்பை அதுல ஊத்துவாங்க. எனக்குக் கருவாடு பிடிக்காது அண்ணாச்சி. அப்பப் பிடிக்காது. அவங்க லீவு போட்ட அன்னிக்குத்தான் நிம்மதி. அன்னிக்கு எனக்கு வேலையே ஓடாது, அது வேற விஷயம். ஏசி சரியா இருக்காது.

அவங்க சொல்றது தப்புன்னு காட்டணும்னே ஒரு புது சார்ட் போட்டேன். மூடின பிழை ஒவ்வொண்ணும் என்ன காரணம் எழுதி மூடினாங்கன்னு. சரி பண்ணினது ஒரு நிறம், 'மறுபடி வரவில்லை' ஒரு நிறம். அல்வாவுக்கு முன்னாடி ரெண்டாவது நிறம் இருக்கற இடமே தெரியல. அல்வா வந்த வாரத்துலேருந்து அது கிடுகிடுன்னு வளந்து முக்கால்வாசியை முழுங்கிடுச்சு. நான் ஸ்கிரீனைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். பின்னாடி வளையல் சத்தம் கேட்டுச்சு. திரும்பாமலே தெரிஞ்சிடுச்சு யாருன்னு. ஜெயிச்சுட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லல அண்ணாச்சி. 'நாளைக்கு யார்டுக்கு வாங்க, ஒண்ணு காட்டறேன்'னு மட்டும் சொன்னாங்க.

யார்டுன்னா ரயில் பெட்டி நிக்கற இடம். மொட்டை வெயில். ஒரு பெட்டி மட்டும் தனியா நிக்குது. உள்ள நானும் அவங்களும். விஷயம் என்னன்னா, ஸ்டேஷன்ல பிளாட்பாரம் சில இடத்துல இடது பக்கம் வரும், சில இடத்துல வலது பக்கம் வரும். ரயில் அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு அந்தப் பக்கக் கதவை மட்டும்தான் திறக்கணும். இவங்க சந்தேகம், கரண்ட் கண் சிமிட்டற நேரம் போய் வந்தா, ரயிலுக்குப் பக்கம் மறந்துடுதுன்னு. பக்கம் எதுன்னு மறுபடி தகவல் வர்றதுக்குள்ள 'கதவைத் திற'ன்னு உத்தரவு வந்துட்டா, அது பாட்டுக்கு இடது பக்கம் திறந்துடும். பிளாட்பாரம் வலது பக்கம் இருந்தா? கூட்டத்துல கதவுல சாஞ்சிட்டு நிக்கறவங்க நேரா தண்டவாளத்துல.

ஆனா அது எப்பவாவதுதான் வரும். அதனாலதான் கதவு டீமுக்கு வரல. பிளாட்பாரம் வலது பக்கம்னு ரயிலுக்குச் சொல்லி வச்சிருந்தோம். நான் கரண்ட் சுவிட்சைத் தட்டணும், அவ உத்தரவு குடுக்கணும். தட்டினேன். வலது பக்கம் சரியாத் திறந்துச்சு. மறுபடி தட்டினேன். சரியாத் திறந்துச்சு. காலைல ஆரம்பிச்சது, மத்தியானம் ஆச்சு, சரியாவே திறக்குது. ஒரு நாள் பூரா வீணாப் போச்சேன்னு எனக்கு எரிச்சல். அவ சின்ன வயசுல தீப்பெட்டி ஒட்டின கதை, அவங்க அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல மேஸ்திரியா இருக்கறது, பத்தாவதுல ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சு மயங்கி விழுந்தது, எல்லாம் சொன்னா. நான் மாயவரத்துக் கடைமுகத் தீர்த்தவாரிக் கூட்டத்துல தொலைஞ்சு போன கதையைச் சொன்னேன். வேற என்ன செய்யறது, பொழுது போகணுமே. சாயங்கால வெயில் ஜன்னல் வழியா அவ முகத்துல விழுந்துச்சு, கண்ணு கூசும்னு நான் எழுந்து மறைச்சு நின்னேன்.

என்ன அண்ணாச்சி? அவங்க அவங்கன்னு சொல்லிட்டிருந்தவன் அவ அவன்னு ஆரம்பிச்சுட்டேனா? நாக்கு தடுமாறிடுச்சு. பஸ் குலுங்குதுல்ல.

சரி, கேளுங்க. போதும், கிளம்பலாம்னு நான் சொன்னேன். 'இன்னும் ஒரே தடவை'ன்னா. தட்டினேன். கதவு திறந்துச்சு. அவளுக்குப் பின்பக்கம். இடது பக்கம். அவ அந்தக் கதவுலதான் லேசாச் சாஞ்சிருந்தா. நான் கையைப் பிடிச்சு இழுத்துட்டேன். கீழ எட்டிப் பாத்தா தண்டவாளம், ஜல்லி, ஒரு நாய் நின்னு எங்களை அண்ணாந்து பாக்குது. அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு, எனக்கும் வந்துடுச்சு. பிழை கிடைச்சுடுச்சேன்னு ரெண்டு பேரும் அந்தக் காலிப் பெட்டில குதிக்கறோம். கையை விடலாம்னு எனக்குத் தோணவே இல்ல. பாதுகாப்பு விஷயம் அண்ணாச்சி, கதவு இன்னும் திறந்துதானே இருந்துச்சு.

திங்கக்கிழமை கூட்டம். மெட்ரோக்காரங்க சைடுலேருந்து பெரிய என்ஜினியர் ஒரு அம்மா வந்திருந்தாங்க, கண்டிப்பான ஆளு. கஜபதி சார், 'கோட்டைக் காட்டு பரணி'ன்னார். நான் அதைப் போடாம ரெண்டு நிறச் சார்ட்டைப் போட்டேன். 'இதை யார் உன்னைக் கேட்டது?'ன்னார் கஜபதி சார். போன வருஷம்தான் அம்மாவுக்காக லிஃப்ட் வச்ச வீடாப் பாத்துக் குடி வந்திருந்தோம், வேலை போனா என்ன ஆகும்னு ஒரு பக்கம் ஓடுது. கடைசி வரிசையில அவ உக்காந்திருந்தா. புருவம் மேல போகல. ரெண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கிட்டிருந்தா.

'யாரும் கேக்கல சார். கதவு தப்பான பக்கம் திறக்குது. நான் கண்ணால பாத்தேன்'னேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு, 'ஆள் இருக்கும்போதா?'ன்னு கேட்டாங்க.

'ஒரு ஆள் இருந்தாங்க மேடம்'னேன். குரல் உடைஞ்சு போச்சு. ஏன்னு தெரியல, ரூம்ல தூசி ஜாஸ்தி.

சோதனை ஓட்டம் தள்ளிப் போச்சு. மந்திரிக்கு வேற தேதி. பந்தல்காரன் மட்டும் வந்து பந்தலைப் போட்டுட்டான், அவனுக்குச் சொல்ல மறந்துட்டாங்க. கஜபதி சார் என்னை அந்த வேலையிலேருந்து தூக்கி கேன்டீனுக்குப் போட்டுட்டார். எத்தனை பேர் இட்லி சாப்பிடறாங்க, எத்தனை பேர் பொங்கல் சாப்பிடறாங்கன்னு சார்ட் போடணும். அண்ணாச்சி, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. கேன்டீன்ல உக்காந்தா அவ வர்றப்ப எல்லாம் தெரியும்.

தாமோதரன் ஒரு நாள் டோக்கன் வாங்க வந்தார். என்னை ஏற இறங்கப் பாத்தார். திட்டப் போறார்னு நினைச்சேன். 'நாங்க வேணும்னு பண்ணல பரணி. எல்லா டீமுக்கும் பிழை இறங்கும்போது நம்ம மட்டும் நின்னா நல்லா இருக்காதேன்னு...' அப்படின்னு இழுத்தார். அப்புறம் மூணு நாலு வரில சரி பண்ணிட்டாங்க. கரண்ட் போய் வந்தா, எந்தப் பக்கம்னு உறுதியாத் தெரியற வரைக்கும் எந்தக் கதவும் திறக்காது. அவ்வளவுதான். அதுக்கா இத்தனை. அல்வாவை நிறுத்தியாச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், என் கோட்டுல தப்பில்ல. எண்ணினது சரியாத்தான் எண்ணினேன்.

போன வாரம் ரயில் ஓடிடுச்சு. என்னையும் ஏத்திக்கிட்டாங்க, அந்த மெட்ரோ அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் வேணும்னே கரண்டை நிறுத்தி நிறுத்திப் பாத்தாங்க. ஒவ்வொரு தடவையும் கதவு ஒரு நொடி யோசிச்சு, சரியான பக்கம் திறந்துச்சு. கடைசி ஸ்டேஷன்ல திரும்பிப் பாக்கறேன், அவ கண்ணுல தண்ணி. 'என்ன வல்லி?'ன்னேன். 'தூசி'ன்னா. ஏசி ரயில்ல எங்க அண்ணாச்சி தூசி? அப்புறம் சொன்னா, 'ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க பரணி. எங்க அப்பா உங்களைப் பாக்கணுமாம். நடந்ததெல்லாம் சொல்லியிருக்கேன்.'

அதான் புரொஜெக்டர். அவர் தீப்பெட்டி ஆபீஸ்ல இத்தனை வருஷம் மேஸ்திரியா இருக்கறவர், ரயில் கதவு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்க ஆசை இருக்கும். நிறம் போட்ட சார்ட்டைப் பெருசாக் காட்டினாத்தான் புரியும்.

ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கறீங்க? சட்டையா? நல்லா இருக்கா? அவதான் இந்த நீலத்தைப் போட்டுட்டு வரச் சொன்னா. அம்மாகிட்டயா? ஆபீஸ் வேலையாப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

ஒரு நிமிஷம், போன் வருது. அவதான்.

ஹலோ வல்லி. விருதுநகர் தாண்டியாச்சு. என்னது? எத்தனை பேரு? சரி. இல்லையே, அம்மாவை எதுக்கு? அவங்களுக்கு ரயில் கதவைப் பத்தி என்ன தெரியும்? ஹலோ? இருக்கேன், இருக்கேன். எதுக்கு வரேன்னா, அப்பாவுக்கு அந்தச் சார்ட்டை... ஏன் சிரிக்கற? வல்லி? ஹலோ?

வச்சுட்டா. சிரிச்சுக்கிட்டே வச்சுட்டா அண்ணாச்சி. சாத்தூர்லேருந்து அத்தை வந்திருக்காங்களாம், சிவகாசிச் சித்தி வந்திருக்காங்களாம், பெரியப்பா ரெண்டு பேரு. இத்தனை பேருக்கும் சார்ட் காட்டணும்னா ஸ்கிரீன் வேணுமே, சுவத்துல போட்டா தெரியுமா? அம்மாவைக் கூட்டிட்டு வரலையான்னு கேக்கறா. கேசரி கிண்டிட்டு இருக்காங்களாம். பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவறாங்களாம்.

கேசரி.

பஜ்ஜி.

அண்ணாச்சி.

இருங்க. நீங்க சிரிக்காதீங்க, கொஞ்சம் இருங்க. தண்ணி பாட்டில் குடுங்க.

எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு? கருவாட்டுக் குழம்புலயேவா? அப்பவே சொல்லியிருக்கலாம்ல, திருமங்கலத்துல இறங்கி ஒரு பழத் தட்டாவது வாங்கியிருப்பேன். நான் என்னன்னா அவங்க பெரியப்பாவுக்கு நிறம் நிறமாச் சார்ட் காட்டப் போறேன். இந்தப் பையைக் கொஞ்சம் நீங்க பிடிங்க. பயம் இல்ல. பயமும்தான். அண்ணாச்சி, அந்தக் காலிப் பெட்டில நான் கையை விடவே இல்லையே. அவளும் விடல. அவளும் விடல அண்ணாச்சி.

எனக்குச் சம்மதமான்னா கேக்கறீங்க? இந்த பஸ்ஸை நான் பின்னாடி போய்த் தள்ளட்டுமா, கொஞ்சம் சீக்கிரம் போகும்.

ஆனா வெறுங்கையோட, தனியா, பெரியவங்கன்னு ஒருத்தர்கூட இல்லாம போய் நின்னா அவங்க அப்பா என்ன நினைப்பார்? அம்மா இப்பக் கிளம்பினாலும் ராத்திரி ஆயிடும். என்ன, எழுந்துட்டீங்க? சாத்தூரா? இதுக்குள்ள சாத்தூர் வந்துடுச்சா? உங்களுக்கு வீட்டுல ஏதாவது அவசரமா? இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே. கோவில்பட்டி இங்கேருந்து கொஞ்ச தூரம்தான். கேசரி இருக்கு. ஒண்ணும் பேச வேண்டாம், கூட வந்து உக்காந்தா போதும். நான் ஏதாவது உளறினா மட்டும் லேசா இருமுங்க.

உக்காருங்க, உக்காருங்க. கண்டக்டர், விசில் குடுங்க, இவர் இறங்கல. இவருக்குக் கோவில்பட்டிக்கு ஒரு டிக்கெட் போடுங்க. ஆமா, என் கூடத்தான் வரார். எனக்கு மாமா.

மாமா, உங்க பேரு என்ன?